ஒரு ஜோடி பாக்கி

தையல் மிஷின் சத்தம் நின்றால் அந்த வீட்டில் ஏதோ பேச்சு வரப்போகிறது என்று அர்த்தம். மருமகளுக்கு இது பழகிப்போன விஷயம். அடுப்படியில் டிபன் கேரியரை மூடிக்கொண்டிருந்தவள், சத்தம் நின்றதும் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"நாளைக்கு விடியற நேரத்துக்குக் குளத்தங்கரைக்கு வந்துடுங்கன்னு புரோகிதர் சொல்லிட்டாரு" என்று உள்ளேயிருந்து மாமியார் குரல் வந்தது. "எல்லாம் வாங்கி வச்சாச்சு. உங்க மாமா வாயிலேருந்து ஒரு 'சரி' வரணும். அதான் பாக்கி."

"நான் கேக்கறேன் அத்தை."

"நீ கேட்டாத்தான் உண்டு. நான் கேட்டா மனுஷன் உடனே துணியை எடுத்துக்கிட்டுச் செருப்பு தொடைக்க ஆரம்பிச்சுடுவாரு."

இந்தத் தொடர்கதையில் முதலிலிருந்து நம்மோடு வருகிறவர்களுக்கு இந்தச் 'சரி'யின் கனம் தெரியும். இந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர்களை வாசலிலேயே நிற்க வைப்பது மரியாதையில்லை. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

மலையடிவாரத்தில், படிக்கட்டு தொடங்குகிற இடத்தில், செருப்புப் பாதுகாக்கிற கடை மாமனாருடையது. அந்த மலையில் செருப்போடு யாரும் ஏறக் கூடாது. அதனால் உச்சியில் இருக்கும் சாமியைப் பார்க்கப் போகிறவர்கள் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் முதலில் இவரைப் பார்த்தாக வேண்டும். எல்லோரும் அவரை 'டோக்கன்' என்றுதான் கூப்பிடுவார்கள். மாமியார், பக்தர்கள் தேங்காய் பழம் கொண்டுபோகும் மஞ்சள் துணிப்பை தைக்கிறவள். மருமகள், மலை உச்சியில் கோயில் மதிலை ஒட்டிய முதலுதவி அறையில் நர்ஸ்.

இந்த மூவருக்கும் நடுவில் ஒருவன் இருந்தான். அவர்களுக்கு ஒரே மகன், இவளுக்குக் கணவன். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் அப்பாவிடம் செருப்பைக் கொடுத்துவிட்டு மலை ஏறியவன் இறங்கவே இல்லை.

ஏன் போனான் என்பது மலைக்கே தெரியும். அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது. தலைமுடியை ஒரு வயசுக்குள் சாமிக்குக் கொடுப்பதாக மாமியார் வேண்டிக்கொண்டிருந்தாள். நாள் நெருங்கியபோது பாப்பாவுக்கு லேசான காய்ச்சல். "ரெண்டு வாரம் போகட்டும்" என்றாள் மருமகள். "வேண்டுதலைத் தள்ளிப்போடக் கூடாது" என்று அவன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினான். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. முடி இறக்கிவிட்டுத்தான் வந்தார்கள். ஆனால் சளி நெஞ்சில் இறங்கி, அந்த வாரமே பாப்பா போய்விட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் அவனிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினாள். "நீங்கதானே தூக்கிட்டுப் போனீங்க." அதற்குப் பிறகு அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. பேசுவதற்கு அவன் இருக்கவும் இல்லை.

மாமியார் அறையிலிருந்து வெளியே வந்தாள். கையில் தையல் கத்தரியை இன்னும் பிடித்திருந்தாள்.

"அவன் இருந்தா இத்தனை நாள்ல ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்க மாட்டானா? கனவுல வந்து தண்ணி தண்ணின்னு நிக்கறான். நாளைக்கு எள்ளும் தண்ணியும் விட்டுட்டா அவனும் நிம்மதியாப் போவான். நீயும் உன் வழியைப் பாத்துக்கிட்டுப் போகலாம். உனக்கு என்ன வயசாச்சு?"

"அத்தை, அதை அப்புறம் பேசலாம்."

"அப்புறம் அப்புறம்னுதானே மூணு வருஷம் போச்சு." மாமியாரின் பார்வை மருமகளின் கழுத்துக்குப் போய்த் திரும்பியது. "நாளைக்கு அதை நான்தான் கழட்டுவேன். வேற எவளையும் கிட்ட வர விடமாட்டேன். சொல்லிட்டேன்."

அதட்டலாகச் சொன்னதுதான், ஆனால் முடிவதற்குள் குரல் உடைந்தது. மருமகளுக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

*

செருப்புக் கடையில் அந்த நேரத்துக்கே வரிசை நின்றது. மாமனார் ஒருவர் நீட்டிய செருப்பை வாங்கி, தட்டி, நம்பர் போட்ட அலமாரி அறையில் வைத்து, டோக்கனை எடுத்துக் கொடுத்தார். செருப்பின் முனை எப்போதும் வெளிப்பக்கம் பார்த்துத்தான் இருக்கும். திரும்பி வருகிறவர் மலை இறங்கிக் களைத்துப்போய் வருவார், அவர் குனிந்து செருப்பைத் திருப்பிப் போட்டுக்கொள்கிற மாதிரி வைக்கக் கூடாது என்பது அவர் கட்சி.

இப்போது எல்லாம் பிளாஸ்டிக் டோக்கன்தான். முன்பு பித்தளையில் இருந்தது. பித்தளையை மாற்றியபோது பழைய டோக்கன்கள் அத்தனையும் கைக்கு வந்துவிட்டன, ஒன்றைத் தவிர. எழுபத்து மூன்று.

கடைக்காரர் வீட்டு ஆட்கள் டோக்கன் வாங்குவதில்லை. செருப்பை மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு ஏறிவிடுவார்கள். மருமகள் தினமும் அப்படித்தான் செய்கிறாள். அவனும் அப்படித்தான் செய்துவந்தான். அந்த ஒரு நாள் மட்டும் வரிசையில் நின்று, "எனக்கும் டோக்கன் குடுங்கப்பா" என்று கை நீட்டினான். குழந்தை போனதிலிருந்து வாய் திறக்காதவன் விளையாட்டாக ஏதோ கேட்கிறானே என்று இவருக்கு ஒரே சந்தோஷம். "என்ன சார், வெளியூரா?" என்று கேட்டுச் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார்.

அந்தச் சிரிப்பை நினைத்து அவர் அழாத நாளில்லை.

அன்று சாயங்காலம் எழுபத்து மூன்றாம் அறையில் மட்டும் செருப்பு இருந்தது. ஒரு ஜோடி இருக்கும்வரை கடையைப் பூட்டக் கூடாது என்பது அவர் தொழிலின் சட்டம். யாராவது கால் சுளுக்கி மெதுவாக இறங்கி வந்துகொண்டிருக்கலாம், வெறுங்காலோடு அவர்களை வீட்டுக்கு அனுப்ப முடியாது. அன்றைக்குப் பூட்டாதவர் இன்றுவரை பூட்டவில்லை. படுக்கையும் அங்கேதான். மாமியார் தினமும் பொழுது சாய்ந்ததும் வந்து, "வீட்டுக்கு வரீங்களா?" என்று கேட்பாள். "ஒரு ஜோடி பாக்கி இருக்கு" என்பார். அவள் திரும்பிப் போய்விடுவாள்.

மருமகள் டிபன் கேரியரை மேஜையில் வைத்தாள். வரிசை குறையும்வரை ஓரமாக நின்றாள்.

"நாளைக்குக் காரியத்துக்கு அத்தை ஏற்பாடு பண்ணியிருக்காங்க மாமா. நீங்க வந்தாத்தான் செய்ய முடியும்."

அவர் துணியை எடுத்தார். மாமியார் சொன்னபடியே எழுபத்து மூன்றாம் அறையின் செருப்பைத் துடைக்க ஆரம்பித்தார். தோல் செருப்பு. மூன்று வருஷமாக யாரும் போடாமல், தினமும் துடைத்து எண்ணெய் போட்டதில் புதிதைவிடப் பளபளவென்று இருந்தது.

"மேல பின்பக்கமா ஒரு பாதை இருக்கும்மா. துறவு வாங்கிக்கறவங்க அந்தப் பக்கம்தான் இறங்குவாங்க. அப்படிப் போயிருப்பான். போனவங்க செத்துட்டாங்கன்னு அர்த்தமா?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன் மாமா. ரெண்டு வருஷம் நெனச்சேன்."

"இப்போ?"

அவள் டிபன் கேரியரை அவர் பக்கம் நகர்த்தினாள். உயிரோடு இருக்கிறான் என்றால், தான் சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் திரும்பி வரவில்லை என்று ஆகிறது. இல்லை என்றாலும் அதுவேதான். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆஸ்பத்திரி வராந்தாவில் போய்த்தான் நின்றாள்.

மாமனார் அவளை நிமிர்ந்து பார்த்தார். கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்ததையும், கன்னம் ஒட்டிப்போயிருந்ததையும் இன்றைக்குத்தான் கவனித்தார் போலிருக்கிறது.

"நான் செருப்பைக் காவல் காக்கறேன். அதுக்காக உன்னையும் சேர்த்து இங்க நிறுத்தி வச்சிருக்கேன்" என்றார் மெதுவாக. "உங்க அத்தைகிட்ட சரின்னு சொல்லிடும்மா."

"மாமா…"

"சாயங்காலம் இந்த ஜோடியை எடுத்துடறேன். இன்னிக்குப் பொழுது வரைக்கும் மட்டும் இருக்கட்டும். கடைசி நாள்தானே."

வாங்கி வரச் சொன்ன 'சரி'யை வாங்கியாகிவிட்டது. அவளுக்குக் காலும் ஓடவில்லை, கையும் ஓடவில்லை. செருப்பை மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டுப் படியில் கால் வைத்தாள்.

*

வழியெல்லாம் கூட்டம். ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சூடம் ஏற்றிக்கொண்டே ஏறும் பெண்கள். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு அப்பாவின் தோளில் தூங்கும் குழந்தைகள். அந்தக் குழந்தைகளைப் பார்க்காமல் ஏறுவதற்கு அவள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். அடுத்த படியை மட்டும் பார்த்துக்கொண்டு ஏறுவாள். படியைப் பார்ப்பவளுக்குப் பக்தி அதிகம் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

முதலுதவி அறையில் கம்பவுண்டர் பஞ்சை வெட்டிக்கொண்டிருந்தார். இந்த வருஷம்தான் வேலைக்குச் சேர்ந்தவர். வாய் ஓயாது.

"வாங்க நர்சம்மா. நம்ம கால் வெடிப்புக்காரர் இன்னிக்கும் வரலை. கட்டு மாத்த வாங்கன்னு படிச்சுப் படிச்சு சொன்னேன்."

"எந்தக் கால் வெடிப்புக்காரர்?"

"நீங்க போன வாரம் லீவுல இருந்தீங்கல்ல, அப்போ வந்தார். அந்தக் காலைப் பாத்திருக்கணுமே நீங்க! பாளம் பாளமா வெடிச்சு ரத்தம். வருஷக்கணக்கா செருப்பே போட்டிருக்க மாட்டார் போல. சாமியார்னு நெனைக்கறேன். இந்தப் புண்ணோட மலை ஏறியே ஆகணுமான்னு திட்டிவிட்டேன். சிரிச்சார்."

"புண்ணு ஆறினா வர மாட்டாங்க. வலிச்சாத்தான் நம்ம ஞாபகம் வரும்" என்று சொல்லிவிட்டு அவள் மேஜையைத் துடைக்க ஆரம்பித்தாள். வருகிறவர்களில் பாதிப் பேர் கால் புண்ணோடுதான் வருகிறார்கள்.

உண்டியல் திறக்கிற நாள் அது. மாதம் ஒருமுறை காணிக்கையைக் கொட்டிப் பிரிக்கும்போது, புழுதியும் புழுக்கமும் தாங்காமல் யாராவது மயங்கி விழுவது வழக்கம். அதனால் நர்சும் அந்த மண்டபத்தில் உட்கார வேண்டும். மதியத்துக்கு முன்பே அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மண்டபம் முழுக்க ஜமுக்காளம் விரித்து ஆட்கள் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தார்கள். விபூதி வாசனையும் பழைய காசு வாசனையும் மூக்கில் ஏறின. மேற்பார்வை அதிகாரி முன்னால் ஒரு பெரிய தட்டு இருந்தது. காசு, நகை தவிர மற்றதெல்லாம் அதில் வரும். சாவி, பொத்தான், ஓடாத கைக்கடிகாரம், யாரோ ஒருவருடைய மூக்குக் கண்ணாடி. கண் பார்வை கிடைத்தவர் போட்டதா, கைதவறி விழுந்ததா என்று அதிகாரி வேடிக்கையாக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்.

"நர்சம்மா, இங்க பாருங்க. உங்க மாமனார் சொத்து ஒண்ணு மாட்டியிருக்கு" என்றார் அவர். "இதைச் சாமி வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறாரு? அவரென்ன செருப்பா போடப் போறாரு? எடுத்துட்டுப் போய்க் குடுத்துடுங்க."

அவள் கையில் ஒரு பித்தளை வில்லை விழுந்தது.

எழுபத்து மூன்று.

வில்லையின் ஓட்டையில் ஒரு கறுப்புக் கயிறு கோத்திருந்தது. கயிற்றில் சின்னதாக ஒரு வெள்ளி மணி. பாப்பாவின் அரைஞாண் கயிறு. பாப்பாவைக் கடைசியாகக் குளிப்பாட்டும்போது இடுப்பில் அது இல்லை. அந்த நிலையிலும் அவள் கட்டிலுக்கு அடியிலெல்லாம் தவழ்ந்து தேடினாள். எங்கே போயிற்று என்று மூன்று வருஷமாகத் தெரியாது. அவன் அதை எடுத்து வைத்திருந்தான் என்று இப்போது தெரிந்தது.

"சார்" என்றாள். மணியைக் கைக்குள் மூடிக்கொண்டாள். மறுபடி, "சார், போன தடவை உண்டியலை முழுசாக் காலி பண்ணினீங்களா?"

"பின்னே? கவுத்துத் தட்டிட்டுத்தானே சீல் வைக்கிறோம். ஒரு சல்லி தங்காது. ஏம்மா?"

"சும்மா கேட்டேன் சார்."

அப்படியென்றால் இந்த ஒரு மாதத்துக்குள்தான் அவன் வந்திருக்கிறான். இதே மலைக்கு. அவள் தினமும் உட்கார்ந்திருக்கும் அறைக்கு நாலு எட்டு தள்ளி நின்று, இதை உண்டியலில் போட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

உயிரோடு இருக்கிறான்.

சந்தோஷம் வரும் என்று காத்திருந்தாள். வந்தது அது இல்லை. உண்டியலில் போட்டதை யாரும் திருப்பிக் கேட்பதில்லை. செருப்பை இனிக் கேட்க மாட்டேன் என்பதை இதைவிடத் தெளிவாக ஒருவன் எப்படிச் சொல்வான்?

முதலுதவி அறைக்குப் போய்ச் சேரும்வரை அவள் அழவில்லை. வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"அந்தக் கால் வெடிப்புக்காரர் உங்ககிட்ட என்ன பேசினார்?"

கம்பவுண்டருக்கு ஆச்சரியம். "என்னத்தைப் பேசினார்? நர்சம்மா இல்லையான்னு கேட்டார். லீவுன்னேன்."

"அப்புறம்?"

"நல்லா இருக்காங்களான்னு கேட்டார். உங்களைத் தெரிஞ்சவர் போலன்னு நெனச்சேன். அவங்களுக்கென்ன, ராணி மாதிரி நல்லா இருக்காங்கன்னு சொன்னேன். தப்பாம்மா?"

"தப்பில்ல."

"அதைக் கேட்டுட்டு ரொம்ப நேரம் தரையையே பாத்துக்கிட்டிருந்தார். சந்தோஷம்னு சொல்லிட்டுக் கோயிலுக்குள்ள போயிட்டார். ஏம்மா, யாரு அவரு? நர்சம்மா! ஏன் அழறீங்க?"

*

இறங்கும்போது படியைப் பார்க்க முடியவில்லை. கண் மறைத்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து, மலை வளையும் இடத்தில் நின்றுவிட்டாள். அங்கே சுவருக்கு அந்தப் பக்கம் வெறும் பள்ளம். புதர் மண்டிக் கிடக்கும்.

கையிலிருக்கும் வில்லையை வீசி எறிந்துவிட்டால் போதும். யாருக்கும் தெரியாது. நாளைக்குக் காலையில் மாமியாருக்கு மூன்று வருஷத்துத் தூக்கம் திரும்பக் கிடைக்கும். மாமனார் வீட்டுக்கு வந்து கட்டிலில் படுப்பார். அவளுக்கும் விடுதலை. நன்றாக இருக்கிறாள் என்று கேட்டதும் சந்தோஷமாகக் கைகழுவிவிட்டுப் போனவனுக்கு இவள் எதற்குக் காத்திருக்க வேண்டும்?

அவனுக்கு அவள் மேல் கோபம் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் நல்லா இருந்தால் போதும் என்று நினைத்திருக்கிறான், அதுதான் தாங்கவில்லை. அடப்பாவி மனுஷா, யாரோ ஒரு புது ஆள் சொன்னதை நம்பிவிட்டாயே, ஒரு நாள் பொறுத்து என் முகத்தைப் பார்த்திருக்கக் கூடாதா என்று அவள் மனசுக்குள் கத்தினாள்.

கையை ஓங்கிவிட்டாள். மணி கிணுங்கியது.

வில்லையை எறியலாம், பாப்பாவின் கயிற்றை எறிய முடியாது. கயிற்றை மட்டும் பிரித்து எடுத்துக்கொள்ளலாம் என்று முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். நகம் போட்டாள், பல்லால் கடித்தாள். வரவில்லை. அவன் எதையும் இரட்டை முடிச்சுத்தான் போடுவான். பாப்பாவின் தொட்டிலுக்கும் அப்படித்தான் போட்டான். அவிழ்க்க முடியவில்லை என்று அவள் அன்றைக்கும் அவனைத் திட்டியிருக்கிறாள்.

அந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். மலை ஏறுகிறவர்கள் அழுவது அங்கே புதிதில்லை, யாரும் நின்று கேட்கவில்லை. ஒரு பெண் மட்டும் போகிற போக்கில், "எல்லாம் அவன் பாத்துப்பான்" என்று சொல்லிவிட்டு அடுத்த படிக்குப் பொட்டு வைக்கப் போனாள்.

*

அவள் கீழே வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கடையில் கடைசி ஆட்கள் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள். மாமனார் எல்லா அறைகளையும் துடைத்து முடித்துவிட்டு, எழுபத்து மூன்றுக்கு முன்னால் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். எடுப்பதற்குக் கையைத் தூக்குவதும் இறக்குவதுமாக இருந்தார்.

அவள் பித்தளை வில்லையை மேஜை மேல் வைத்தாள். பித்தளை மரத்தில் படும் சத்தம் அந்தக் கடையில் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

அவர் திரும்பினார். வில்லையைப் பார்த்தார். நம்பரைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் செய்ததை அவர் செய்ததாகச் சொல்ல முடியாது, முப்பது வருஷமாகப் பழகிப்போன கை செய்தது. அறையிலிருந்து செருப்பை எடுத்து, தோள் துண்டால் ஒரு தட்டு தட்டி, முனை வெளியே பார்க்கும்படி மேஜையில் ஜோடியாக வைத்தது. வைத்துவிட்டு, வாங்கிக்கொள்ள யார் நிற்கிறார்கள் என்று நிமிர்ந்து பார்த்தார்.

மருமகள் மட்டும் நின்றாள்.

"அவன் வரலியாம்மா?"

"வரலை மாமா. உண்டியல்ல இருந்துச்சு. இந்த மாசம் போட்டது."

அவர் கயிற்றைத் தொட்டார். வெள்ளி மணியை விரலால் ஒரு தடவை உருட்டினார். பேத்தியின் இடுப்பில் அதைக் கட்டியவர் அவர்தான். வாய் கோணிக்கொண்டு போனது. சத்தம் வெளியே வராமல் தோள் மட்டும் குலுங்கியது. அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். மாமனாரின் கையை அவள் தொட்டது அதுதான் முதல் தடவை.

"மாமா, இதை நான் குடுக்காம இருந்திருந்தா…"

"குடுத்துட்டேல்ல." முகத்தைத் துடைத்துக்கொண்டார். வில்லையை எடுத்துச் சுவரில் எழுபத்து மூன்றாம் கொக்கியில் மாட்டினார். அது காலியாக இருந்து பார்த்தே பழகிய கண்ணுக்கு இப்போது ஏதோ தப்பாகத் தெரிந்தது. செருப்பை அவள் பக்கம் தள்ளினார். "இதை எடுத்துக்கம்மா. டோக்கன் வந்தப்புறம் செருப்பை நான் வச்சுக்கக் கூடாது."

அந்த நேரத்துக்கு மாமியார் வந்துவிட்டாள். தினமும் கேட்கிற கேள்வியைக் கேட்கத்தான் வாயைத் திறந்தாள். காலி அறை கண்ணில் பட்டது. மருமகள் கையில் செருப்பு. அவர் பூட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

"எடுத்துட்டீங்களா?" என்றாள். "மனசு வந்துடுச்சா உங்களுக்கு?"

"ஒரு ஜோடியும் பாக்கி இல்ல. வீட்டுக்குப் போகலாம்" என்றார் அவர்.

மாமியார் அப்படியே மேஜையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். "எம் புள்ள இல்லைன்னு உங்க வாயால கேக்கணும்னா நான் தவம் கிடந்தேன்? பாவி, நான்தானே வேண்டிக்கிட்டேன்! முடி குடுக்கறேன்னு நான்தானே வேண்டிக்கிட்டேன்!" மூன்று வருஷமாக அவள் அந்த வார்த்தையை வெளியே விட்டதில்லை. தையல் மிஷினை ஓட்டி ஓட்டி அமுக்கி வைத்திருந்தாள்.

மாமனார் மருமகளைப் பார்த்தார். நீயே சொல் என்று அந்தப் பார்வை கெஞ்சியது.

"அத்தை, நாளைக்குக் குளத்துக்குப் போக வேண்டாம்" என்றாள் மருமகள். "அவர் இருக்கார். போன வாரம் மேல வந்திருக்கார். கால் பூரா வெடிச்சு, ரத்தத்தோட வந்தாராம். நம்ம கம்பவுண்டர்தான் கட்டுப் போட்டிருக்கார். நான் அன்னிக்கு லீவு."

மாமியாரின் அழுகை டக்கென்று நின்றது. எங்கே இருக்கிறான், ஏன் வரவில்லை, யார் சொன்னது என்று எதையுமே கேட்கவில்லை. மருமகளின் கையிலிருந்து செருப்பை வாங்கினாள். உள்பக்கத்தை விரலால் அளந்து பார்த்தாள்.

"இது பத்தாது" என்றாள். "வெடிச்ச காலு வீங்கியிருக்கும். இதுக்குள்ள நுழையாது."

அவர் பூட்டிவிட்டு வந்து பக்கத்தில் நின்றார். மாமியார் செருப்பை மருமகளிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"நாளைக்கு நான் மலைக்கு வரேன்" என்றாள் மாமியார். பேத்தி போனதிலிருந்து அவள் அந்தப் படியில் கால் வைத்ததில்லை. "அந்தப் பின்பக்கத்துப் பாதை எங்க போய்ச் சேருதுன்னு பாத்துடுவோம். பையில கொஞ்சம் மருந்தும் துணியும் எடுத்து வச்சுக்கம்மா. பெரிய சைஸா ஒரு செருப்பும் வாங்கணும்."

"கடைத்தெரு இன்னும் மூடியிருக்காது. போற வழியிலயே வாங்கிடலாம்" என்றார் மாமனார். அவர் குரலில் மருமகள் மறந்தேபோயிருந்த ஒரு சுறுசுறுப்பு.

இரண்டு பேரும் முன்னால் நடந்தார்கள். எத்தனை மணிக்குக் கிளம்புவது, யாரிடம் வழி கேட்பது, புரோகிதருக்கு என்ன சொல்லி அனுப்புவது என்று ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு பேசினார்கள். மருமகள் பின்னால் வந்தாள். ஒரு கை செருப்பைப் பிடித்திருந்தது, இன்னொரு கை தன்னை அறியாமல் தாலியைப் பற்றியிருந்தது. நாளைக்கு அது கழுத்தைவிட்டு இறங்கப் போவதில்லை.

தேடிப் போவது என்று அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். கண்டுபிடித்தால் அவன் முன்னால் போய் நிற்கப் போகிறவள் அவள். என்ன சொல்லப் போகிறாய் என்று அவளை யாரும் கேட்கவில்லை.